நாச்சியாரின் மீதி

நாச்சியாருக்கு நாற்பத்தோரு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளுடைய பிழை மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை.

"பிழையாம்மா?" என்றார்.

"ஆமா."

"எங்க தெருவுல ஒருத்தருக்கு வந்துச்சு. இப்ப அவரு இல்ல."

"எங்க போயிட்டார்?"

"அவருதான் பிழைன்னு முடிவாயிருச்சு."

நாச்சியார் விருதுநகரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். வத்தல் மண்டி ஒன்றில் சாக்குகளுக்குச் சீட்டு எழுதுவது அவள் வேலை. அன்று வேலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்ப யாரையாவது தேடினாள். யாரும் இல்லை. மண்டிக்கே போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.

எல்லாரையும் அளப்பதுபோல அவளையும் பத்தொன்பது வயதில் அளந்திருந்தார்கள். ஒரு மண்டபத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நாடா வைத்திருந்த பெண் முதலில் நாச்சியார் எங்கே நிற்கிறாள் என்று குறித்துக்கொண்டாள். பிறகு எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நகர்கிறாள் என்று பார்த்தாள். அது முதல் படி. அந்த வேகம் எப்படி மாறுகிறது என்பது இரண்டாம் படி. அந்த மாற்றம் எப்படி மாறுகிறது என்பது மூன்றாம் படி. அதற்குள் டீ வந்துவிட்டது. அந்தப் பெண் நாடாவைச் சுருட்டிவிட்டாள்.

அளந்த நொடியில், வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் "பேனா இருக்கா?" என்று கேட்டிருந்தான். நாச்சியார் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நான்கு எண்களை வைத்து ஒரு பல்லுறுப்புக்கோவை எழுதினார்கள். அதற்குத் தோராயம் என்று பெயர். தோராயம் என்பது நாச்சியாரைப் போலவே ஒருத்தி. தொடக்கத்தில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அப்போது வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் நாச்சியார் அதைக் கவனிக்கவில்லை. பிறகு அவள் வலப்பக்கச் சந்தில் திரும்பினால் தோராயம் இடப்பக்கச் சந்தில் போனாள். ஐந்தாம் வருடம் தோராயத்திடமிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை பேனா கேட்டவன். பெயர் அருமைநாயகம். அதற்கு முந்திய வருடம் வரை நாச்சியாரும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

அலுவலகத்தில் முதல் அறை வாசலை ஒட்டி இருந்தது. இரண்டாவது அறைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. மூன்றாவதற்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனாள். நான்காவது அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் அவள் நனைத்துக் கட்டியிருந்த கைக்குட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

நான்காவது அறையில் சேர்மக்கனி என்கிற எழுத்தர் இருந்தார். அவருடைய மேசையில் ஒரு படிவமும் ஒரு தொலைபேசியும் இருந்தன.

"உக்காருங்கம்மா. உங்க பிழைய மதிப்பிட்டுக் குடுக்கணும். இதுக்கு மேல போகாதுன்னு ஒரு எல்லை. அவ்வளவுதான்."

"அளந்தே சொல்லிரலாமே சார். அவ கோவில்பட்டியிலதான இருக்கா."

"அளந்தா அது மதிப்பீடு ஆகாது. அளக்கறதுக்கு வேற அலுவலகம் இருந்துச்சு. மூடிட்டாங்க."

"நான் எத வச்சு மதிப்பிடுறது?"

"உங்கள மூணாம் படியோட நிறுத்திட்டாங்க. அதனால நாலாம் படிதான் மீதி. இந்த இருபத்திரண்டு வருசத்துல உங்க நாலாம் படி எவ்வளவு பெருசாப் போயிருக்கும்னு நீங்கதான் சொல்லணும்."

"நாலாம் படின்னா?"

சேர்மக்கனி யோசித்தார். "எல்லாம் ஒரு மாதிரி மாறிக்கிட்டு இருக்கும். அந்த மாறுற விதமே ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம வேற மாதிரி ஆயிரும் பாருங்க. அது."

"அப்படி நெறைய நாள் இருக்கு."

"ஒரு நாள் போதும். அளந்த நாளுக்கும் இன்னைக்கும் இடையில ஒரு நாள் இருக்கு. அந்த நாளோட நாலாம் படிய எடுத்து, இருபத்திரண்டால நாலு தடவை பெருக்கி, இருபத்துநாலால வகுத்தா உங்க மொத்தப் பிழையும் ஒரு இம்மி குறையாம வந்துரும்."

"அது எந்த நாள் சார்?"

"இருக்குன்னு விதி சொல்லுது. எந்த நாள்னு சொல்லல."

"யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா?"

"தேடுற வழக்கமில்லம்மா. இருக்கிறதுலயே பெரிய எண்ணப் போட்டுட்டுப் போயிருவாங்க. அந்த நாள் அதுக்குள்ள அடங்கிரும்."

"அப்ப நானும் பெருசா ஒண்ணு போட்டுடறேன்."

"போடலாம். போன மாசம் ஒருத்தர் ஆயிரம்னு போட்டார். இப்ப அவரு எல்லை இலங்கையத் தாண்டிப் போயிருச்சு. அதுக்குள்ள இருக்கிற யாரு வேணாலும் அவருதான். காலையில பதினோரு பேரு வந்து அவரு பல்பொடியில பல்லு வெளக்குறாங்க."

"கம்மியாப் போட்டா?"

"பொய்ச் சத்தியம். உங்களத் தள்ளிட்டு உங்க தோராயத்த அசல்னு பதிஞ்சுருவோம். அவங்ககிட்டத் திடீர்னு ஒண்ணும் கெடையாது. பதியறதுக்கும் சுலபம்." அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "அஞ்சு மணிக்குள்ள குடுத்துருங்க."

நாச்சியார் மதிய பாசஞ்சரில் கோவில்பட்டிக்குப் போனாள். அளப்பதற்காகப் போகவில்லை. அந்த நாள் எதுவென்று கேட்பதற்கு அவளுக்கு வேறு ஆள் இல்லை.

சாத்தூர் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. சாத்தூருக்கு அப்புறம் வேலிக்கருவை மரங்களின் நிழல்கள் மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தன. அடுத்த நிலையத்தில் அது பதினாறு சாணாகிவிட்டது. எதிரே இருந்த அம்மாள் சன்னலை மூடினாள்.

"வெயிலுக்கா?" என்று நாச்சியார் கேட்டாள்.

"பார்த்தா பழகிரும்," என்றாள் அந்த அம்மாள்.

தோராயத்தின் வீடு ரயில் நிலையத்திலிருந்து தெற்கே மூன்றாவது தெருவில் இருந்தது. நாச்சியார் கதவைத் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. தோராயம் வெளியே வந்தாள். நாச்சியாரைப் பார்த்தாள். நிற்கவில்லை.

"நடந்துகிட்டே பேசலாமா?" என்றாள். "நிக்க முடியல."

நாச்சியார் கூடவே நடந்தாள். தோராயத்துக்கும் நாற்பத்தோரு வயதுதான். ஆனால் தலை மட்டும் இன்னும் இடப்பக்கமாகவே லேசாகத் திரும்பியிருந்தது, யாரோ கூப்பிட்டதுபோல. நாச்சியார் வலப்பக்கம் நடந்துகொண்டிருந்ததால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. இடப்பக்கம் மாறி நடந்தாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"கொஞ்ச வருசமா. மொதல்ல மாசத்துக்கு ஒரு சாண் நகர்ந்தேன். யாருக்கும் தெரியல. கட்டில மட்டும் அப்பப்பத் தள்ளிப் போடுவேன். அப்புறம் நாளுக்கு ஒரு வீடு தள்ளிக் கண்ணு முழிச்சேன். அக்கம்பக்கத்துல நல்லவங்க, ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத்தான் நடை வேகம் வந்திருக்கு. நல்ல வேளை இன்னைக்கு வந்த. நாளைக்குன்னா உன்னால கூட வர முடியாது."

"அருமைநாயகம் எங்க?"

"அவர ரெண்டாம் படி வரைக்கும்தான அளந்தாங்க. ரெண்டாம் படிக்காரங்க ஒரு தடவைதான் திரும்புவாங்க. என் பக்கம் திரும்பினார். அப்புறம் நேரா மேக்க போயிட்டார். கோவமெல்லாம் இல்ல. கைய ஆட்டிக்கிட்டேதான் போனார்."

"உனக்கு?"

"எனக்கு ரெண்டு திருப்பம் இருந்துச்சு. கல்யாணம் ஒண்ணு. இன்னொண்ணு எப்ப நடந்துச்சுன்னே கவனிக்கல. ரெண்டும் முடிஞ்சுபோச்சு. இனி போக வேண்டியதுதான்."

இருவரும் தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு. நாச்சியாருக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். அவளுடைய அப்பா செத்துப் பதினான்கு வருடமாகியிருந்தது.

"அவரு தோராயம் நல்லா இருக்கார். அவர வெத்தல வாங்கப் போறப்ப அளந்தாங்க, ஒரே படிதான். அதே நடை. கூட்டியும் போறதில்ல, கொறச்சும் போறதில்ல. அரபிக்கடலுக்குள்ள போயிட்டாராம். கடுதாசி வந்துச்சு."

"என்னப் பத்தி ஏதாவது எழுதியிருந்தாரா?"

"நாம ரெண்டு பேருன்னு அவருக்குத் தெரியாது."

நாச்சியார் நடையை எட்டிப் போட்டாள். பிறகு படிவத்தைப் பற்றிச் சொன்னாள். இடையில் ஒரு நாள் இருக்கிறது என்றும், அது எந்த நாளென்று தெரிய வேண்டும் என்றும் சொன்னாள்.

"என்கிட்ட அப்படி நாளே கெடையாதே," என்றாள் தோராயம். "நீ சொல்லு. எதெல்லாம் இருந்துச்சு?"

"அப்பா செத்த நாள்."

"அது எவ்வளவு?"

நாச்சியார் உள்ளுக்குள் பார்த்தாள். "மூணு இருக்கும்," என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அருமைநாயகம் கூப்பிட்டு நான் ரயிலுக்குப் போகாம இருந்த நாள். அது அஞ்சு. மண்டியில வேலை கெடச்ச நாள் ஒண்ணுதான். வீட்டுல கடைசியா இருந்த அண்ணன் சாமான ஏத்திக்கிட்டுத் திருப்பூருக்குப் போனான். அது ஒண்ணே முக்கா."

"அதுக்கு மேல?"

"ஒரு புதன்கிழமை இருந்துச்சு."

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. எனக்கு முப்பத்தோரு வயசு. பஜார்ல போய்க்கிட்டிருந்தேன். பின்னாலருந்து யாரோ நாச்சியார்னு கூப்பிட்டாங்க. வேற நாச்சியாராத்தான் இருக்கும்னு நெனச்சேன். திரும்பல."

"யாரு கூப்பிட்டது?"

"அதான் திரும்பலையே."

தோராயம் நடந்துகொண்டே அவளைப் பார்த்தாள். இடப்பக்கம் பார்ப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

"அது எவ்வளவு?"

"எட்டு," என்றாள் நாச்சியார்.

சொன்னதும் கால்கள் தாமாக நின்றுவிட்டன. தோராயம் பத்தடி முன்னால் போய்விட்டாள். நாச்சியார் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டாள். இனிமேல் நடந்தால் போதாது, தொங்கோட்டம்தான் என்று தெரிந்தது.

"எனக்காக ஒண்ணு செய்வியா?" என்றாள் தோராயம். "உன்ன இன்னைக்கே மறுபடி அளக்கச் சொல்லு. அளந்த நாள்தான் மையம், அத மாத்தலாம். அதுக்கு விதி இருக்கு. மையம் மாறிட்டா பழைய கோவை ரத்து. நான் நின்னுருவேன்."

"நின்னு?"

"அவ்வளவுதான். அப்புறம் இருக்க மாட்டேன். புதுசா ஒருத்தி உன்கூட இருப்பா."

அந்தக் கடைசி வாக்கியம் நாச்சியாருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீ போகணும்னு நான் நெனக்கல," என்றாள்.

"எனக்குத் தெரியும். கால் வலிக்குது நாச்சியார்."

தன் பெயரைத் தன் குரலில் கேட்டு எத்தனையோ நாளாயிற்று என்று நாச்சியாருக்குத் தோன்றியது. தோராயத்தின் கால்களைப் பார்த்தாள். செருப்பு எப்போதோ தேய்ந்து போய்விட்டிருந்தது. நாச்சியார் ஓட்டத்திலேயே தன் செருப்புகளைக் கழற்றினாள். தோராயம் ஓட்டத்திலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இரண்டாவதற்கு நேரமில்லை. அது நாச்சியார் கையில் தங்கிவிட்டது.

"சரி," என்று நாச்சியார் கத்தினாள். "அளந்துக்கிடறேன்."

தோராயம் கையை ஆட்டினாள். சாலையில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். எதிரே வந்த லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன.

நாச்சியார் பஸ் பிடித்து விருதுநகர் திரும்பியபோது மணி நாலரை. நான்காவது அறை காலையில் இருந்ததைவிடத் தூரத்தில் இருந்தது. அவள் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினாள். சேர்மக்கனி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மையத்த மாத்தணும் சார்."

"பழைய பிழைய மதிப்பிட்டு முடிக்காம மையத்த மாத்த முடியாதும்மா. எண் என்ன?"

"எட்டு."

அவர் எந்த நாள் என்று கேட்கவில்லை. தாளில் பெருக்கினார், வகுத்தார். "எழுபத்தெட்டுக் கிலோமீட்டர், எண்பத்தஞ்சு மீட்டர்," என்றார். சுவரில் தொங்கிய வரைபடத்தில் ஒரு நூலை வைத்துப் பார்த்தார். "கயத்தாறு தாண்டி ஒரு புளியமரம் வரைக்கும் வருது. அவங்க அந்த மரத்தத் தாண்டாம இருக்கணும். தாண்டிட்டா உங்க எண் தப்பு."

"இப்ப எங்க இருக்கா?"

தொலைபேசி அடித்தது. சேர்மக்கனி எடுத்துக் கேட்டார். வைத்தார்.

"கயத்தாறு டீக்கடையத் தாண்டிட்டாங்களாம். ஒத்தச் செருப்போட."

"முத்திரையக் குத்துங்க சார்."

"முத்திரை மை காஞ்சிருக்கு." அவர் மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஊறும்வரை காத்திருந்தார். நாச்சியார் வரைபடத்தில் நூல் முடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மரம் எதுவும் வரையப்படவில்லை. எண் பெரியதாக இருந்திருக்கலாமே என்று நினைத்தாள். உடனே, இல்லை, எட்டுதான் என்றும் நினைத்தாள். வாழ்க்கையில் அவள் உறுதியாகச் சொன்ன முதல் எண் அது.

சேர்மக்கனி முத்திரை குத்தினார். அது பாதிதான் விழுந்தது. பாதி போதும் என்றார்.

அடுத்த அறையில் நாடாவோடு ஒரு பெண் இருந்தாள். பழைய பெண் இல்லை. இவள் பெயர் எஸ்தர் என்று மேசையில் எழுதியிருந்தது. நாச்சியாரைக் கோட்டின்மேல் நிற்கச் சொன்னாள். நாச்சியார் அசையாமல் நின்றாள்.

"இப்படி நின்னா எல்லாம் சுழிதான் வரும்," என்றாள் எஸ்தர். "அப்புறம் உங்க தோராயம் இந்த ரூமுலயே நின்னுக்கிட்டு இருப்பாங்க. ஏற்கெனவே ஆறு பேரு இருக்காங்க." மூலையைக் காட்டினாள். மூலையில் ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யணும்?"

"அத நான் சொல்லக் கூடாது."

இந்த நொடியில் செய்வது எதுவோ அதுதான் இன்னொருத்திக்கு ஆயுள் முழுவதும் என்று நாச்சியாருக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது வயதில் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மாடி அறை இருக்கிற திசையில், அவசரமில்லாமல், ஓர் எட்டு எடுத்து வைத்தாள்.

எஸ்தர் நான்கு எண்களை எழுதினாள். டீ வந்தது.

வெளியே சேர்மக்கனி தொலைபேசியை வைத்துக்கொண்டிருந்தார். "நின்னுட்டாங்களாம்," என்றார்.

"மரத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"நெழல்ல."

"உக்காந்தாளா?"

"அது எங்க பதிவுல வராதும்மா. உங்களுக்கு இப்பப் பிழை இல்ல. சுழி. போயிட்டு வாங்க."

நாச்சியார் வீட்டுக்குப் போனாள். இரண்டு ஆள் அரிசி போட்டு வடித்தாள். இரண்டு தட்டு வைத்தாள். யாரும் வரவில்லை. யாரும் வராமலும் இல்லை; பிழை இல்லாததால் வந்தவள் அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவள் எடுத்த கவளத்தையே எடுத்துச் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. நாச்சியார் பேசிப் பார்த்தாள். பேசினால் ஒரு குரல்தான் கேட்டது. கேள்வி கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை.

அந்த வாரம் அவள் வத்தல் மண்டியில் அறுநூறு சீட்டு எழுதினாள். ஒன்றிலும் தப்பில்லை. மண்டிக்காரர் பாராட்டினார். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதும் ஒரே ஆளாகத்தான் அழ முடிந்தது.

இரண்டாவது வாரம் அவள் வேண்டுமென்றே சில காரியங்கள் செய்தாள். வழக்கமாகப் போகும் சந்தை விட்டு வேறு சந்தில் போனாள். உப்பில்லாமல் குழம்பு வைத்தாள். மண்டிக்காரரிடம் சண்டை போட்டாள். பஜாரில் யாரோ யாரையோ கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டவர்கள் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டார்கள். பரவாயில்லை என்றாள்.

பதினேழாம் நாள் காலையில் பெஞ்சில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்துச் சீப்பை மடியில் வைத்தாள். வைத்த பிறகும் சீவுகிற சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்டது. பிறகு நின்றது.

நாச்சியார் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில், அவள் தோளின் ஓரத்தில், ஒரு தோள் தெரிந்தது. விலகல் மயிரிழைகூட இருக்காது.

"காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள்.

"நீ உக்காரு," என்றது அவளுடைய குரல், ஒரு கணம் பிந்தி. "நான் போடறேன்."

மயிரிழை இடம்தான் தேவைப்பட்டது. இருந்தாலும் நாச்சியார் பெஞ்சின் கடைசி வரைக்கும் தள்ளி உட்கார்ந்தாள்.